சிப்பாயின் டைரியில் அடுத்த நாள்

டைரி படித்தால் ஆங்கிலம் வரும், வாக்கியங்கள் சின்னதாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, இணையத்தில் கிடைத்த ஓர் அமெரிக்கச் சிப்பாயின் டைரியைக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் படித்துவந்தேன். அந்த நாடு உருவான காலத்துப் போர். ஆனால் சண்டை எங்கே? மழை, சேறு, பசி, நடை, அவ்வளவுதான். எரிச்சலாக வந்தாலும் விட முடியவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் அறை. இரவு ஷிப்ட்காரர்கள் எழுந்த பாயில் பகல் ஷிப்ட்காரர்கள் படுப்போம். எல்லாருக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. கடைசியாகக் கிளம்புகிறவன் பூட்டிவிட்டுச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

அன்று காலை எங்களில் ஒருவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. என் ஊர்ப்பக்கத்துப் பையன்.

"நீங்க போங்கல. செத்த படுத்து எந்திரிச்சா சரியாயிரும்" என்றான்.

தலைமாட்டில் தண்ணீரும் பன்னும் வைத்தோம். சாயங்காலம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் சீட் பிடிக்க நான் முன்னால் வந்துவிட்டேன்.

ஒரகடம் போகும் வழியில் டைரியைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் சிப்பாயின் கூட்டாளிக்குக் காய்ச்சல். காட்டில் ஒரு குடிசையில் படுக்கவைத்து, விறகும் ரொட்டியும் வைத்து, நாளை வந்து அழைத்துப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் படையோடு போகிறான். அடுத்த நாளைப் பார்த்தேன். மழை, மாலைவரை நடந்தோம் என்றிருந்தது. அதற்கும் அடுத்த நாள் சேறு. கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்துவிட்டேன், கூட்டாளி எங்கேயும் இல்லை. அடப்பாவி, ஒரு வரி எழுதினால் குறைந்தா போயிருப்பாய்!

கடைசியாக ஓடிவந்து பஸ் ஏறிய அறைத்தோழனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா தூங்குறாண்டா. எப்பவும்போல பூட்டிட்டுச் சாவிய மீட்டர் பொட்டில..." சொல்லும்போதே அவன் முகம் வெளுத்துவிட்டது.

உள்ளே இருப்பவனுக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. இரவு ஷிப்ட்காரர்களுக்கோ அன்று ஓ.டி., மதியம்வரை வரமாட்டார்கள். பஸ் கம்பெனி கேட்டில் நின்றது. அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு சாயங்காலம்தான் கைக்கு வரும். நான் திரும்பி நடந்தேன்.

"இன்னாபா, கேட்டாண்ட வந்துட்டு எங்க போற? ஆப்சென்ட் போட்ருவாங்க!" என்று செக்யூரிட்டி கத்தினார்.

"போட்டுக்கட்டும்ணே!"

ஆட்டோ பிடித்துப் போய்க் கதவைத் திறந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வெக்கை முகத்தில் அடித்தது. அவன் கதவடியிலேயே கிடந்தான், காற்று வரும் இடுக்கில் மூக்கை வைத்தபடி. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. பக்கத்து அறைக்காரர்கள், யாரோ குடித்துவிட்டுத் தட்டுகிறான் என்று நினைத்தார்களாம்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, பயத்தில் அந்தச் சிப்பாய் கதையை உளறியிருக்கிறேன். டிரிப்ஸ் பாதி இறங்கிய பிறகு கண்ணைத் திறந்து அதைத்தான் கேட்டான்.

"லே, அந்தக் குடிசையில விட்டுட்டுப் போனவன மறுநா வந்து கூட்டிட்டுப் போனானுவளா?"

"போனானுவ."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்ல. தூங்கு."

அவன் கண்ணை மூடவில்லை.

"சாவி இப்ப யார்ட்ட இருக்கு?" என்றான்.

என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து அவன் கையில் வைத்தேன்.