சாயங்காலம் வந்த கோடு

பிரிக்பீல்ட்ஸ்ல நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில அப்பல்லாம் அந்தக் குச்சியை எவளும் வாய் திறந்து கேட்டதில்ல. தலைவலி மாத்திரை வாங்குவாளுங்க, கண்ணால காட்டுவாளுங்க. சிவமலர் மட்டும் நேரா வந்து, "மார்க்கிரட், கர்ப்பம் பார்க்கிற குச்சி ஒன்னு குடுலா"ன்னா. என் கூடப் படிச்சவ. போன் ஆபீஸ்ல ஆப்பரேட்டர். கல்யாணமாகி ஆறு வருஷம். அது தொண்ணூத்தி ஒன்னு.

நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "காலையில முதல் மூத்திரம். அஞ்சு நிமிஷத்துல பாரு. ஒரு கோடுன்னா இல்ல, ரெண்டுன்னா உண்டு. பத்து நிமிஷம் தாண்டினா தூக்கிப் போட்டுடு. ஈரம் காய்ஞ்சா சில சமயம் ரெண்டாவது கோடு வெளிறிப்போய்த் தெரியும். அது பொய்."

அவளுக்கு வந்தது ஒரு கோடுதான். அழுதா, மூஞ்சியைக் கழுவினா, குச்சியைக் குப்பையில போட்டுட்டு வேலைக்குப் போயிட்டா.

மாமியார் நேசம்மா மருமகள் குப்பையைக் கிண்டாத நாளே கிடையாது. சாயங்காலம் குச்சி கையில சிக்கிடுச்சு. அதுக்குள்ள ரெண்டாவது கோடு வந்திருச்சு. குச்சி வந்த பெட்டியில படம் இருக்கே, எண்ணத் தெரிஞ்சா போதாதா? சிவமலர் வீட்டுக்கு வந்தப்போ பாயசம் கொதிச்சுக்கிட்டிருந்தது. சாலாக் செலாத்தான்ல இருக்கிற மகளுக்கு போன் போயாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள கோயில் பூரா தெரியும். "இல்ல மாமி, அது தப்பு"ன்னு இவ சொன்னதெல்லாம் வெட்கமாம்!

ஒன்பதாம் நாள் தூரமானா. அவ்வளவுதான். "வேலை பெருசுன்னு என் பேரப்பிள்ளையைக் கலைச்சிட்டாளே, பாவி"ன்னு நேசம்மா வீடு வீடா ஒப்பாரி வச்சாங்க.

புருஷன் பாலசுந்தரம் கவர்மென்ட் ஆபீஸ்ல பெரிய கிளார்க். இங்கிலீஷ் பேப்பரை ஒரு வரி விடாம படிக்கிற மனுஷன். அந்தப் பெட்டிக்குள்ள இருந்த தாளை சிவமலர் அவர் கையில குடுத்து, "உங்க அம்மாவுக்குப் படிச்சுச் சொல்லுங்க"ன்னா. படிச்சார். "சரிதான், பத்து நிமிஷம்னுதான் போட்டிருக்கு. வயசானவங்ககிட்ட இதெல்லாம் எப்படிப் பேசுறது? விடு, மறந்துடுவாங்க"ன்னார்.

யாரு மறந்தா? மூணு மாசம் கழிச்சு கிள்ளான்ல ஒரு கல்யாணம். சிவமலர் மடியில ஒரு குழந்தை விளையாடிக்கிட்டிருந்தது. அதோட பெரியம்மா வந்து, பெத்தவளைப் பார்த்து, "இவ மடியில எதுக்குப் பிள்ளையை விட்ட?"ன்னு பிடுங்கிட்டுப் போனா. பாலசுந்தரம் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து மோர் குடிச்சுக்கிட்டிருந்தார்.

மறுநாள் சிவமலர் இன்னொரு குச்சி வாங்க வந்தா. "இது யாருக்குடி?"ன்னேன்.

"அவருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அவ சிரிக்கல.

ஞாயித்துக்கிழமை காலையில அவரைக் குச்சியோட பாத்ரூமுக்கு அனுப்பினா. ஆறு வருஷத்துல அன்னிக்குத்தான் அவ குரல் உசந்துச்சு, மனுஷன் குச்சியை வாங்கிட்டுப் போயிட்டார். அஞ்சு நிமிஷத்துல ஒரு கோடு. குச்சியை அலமாரி மேல வச்சா. மத்தியானம் மூணு மணிக்கு எடுத்துப் பார்த்தா, மங்கலா ரெண்டாவது கோடு. ஆம்பளை மூத்திரத்துக்கு!

"இப்ப போய் அம்மாகிட்ட காட்டுங்க"ன்னா.

அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அப்புறம் குச்சியைப் பேப்பர்ல சுருட்டினார். "அம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க? என் மானம் போயிடும்."

"என் மானம் மூணு மாசமா போய்க்கிட்டிருக்கே, அது உங்க கண்ணுல படலையா?"

ஹால்லேருந்து நேசம்மா, "என்ன தம்பி சத்தம்?"னாங்க. "ஒன்னுமில்லம்மா"ன்னார்.

அந்த வாரமே அவ பெட்டியைக் கட்டிட்டா. மேருவுல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து, அங்கேருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்தா. பேரு மட்டும் அவளை விடல. பிள்ளையைக் கலைச்சவ, அதான் புருஷன் துரத்திட்டான்னு அங்கேயும் கதை போயிடுச்சு. துரத்தினானாம், த்தூ!

இத்தனை வருஷம் கழிச்சு, போன மாசம் பாலசுந்தரம் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். கடையில நாலு பேர் இருந்தாங்க. இருக்கட்டுமேன்னு கேட்டேன். "அந்தக் கோடு பொய்ன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மா செத்து ரெண்டு வருஷமாச்சு மார்க்கிரட். இனிமே யாருக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"ன்னார்.

"சிவமலர் இன்னும் சாகலையே"ன்னேன்.