பாதி இறங்கிய பக்கம்

சாத்தம் படகுத்துறையிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் ஃபெர்ரியில், மடிக்கணினியின் திரையைத் தூறலிலிருந்து முந்தானையால் மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருப்பார். அந்த அக்காவை நினைத்தால் இந்தக் கோலம்தான் முதலில் வருகிறது. போர்ட் பிளேரில் அரசு வேலை. அப்போது எங்கள் தீவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. வானம் இருண்டால் அதுவும் போய்விடும். அலுவலகம் விட்டதும் நெட் சென்டரில் உட்கார்ந்து, தமிழ் வலைப்பூக்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொள்வார். அவற்றை ஃபெர்ரியில் படித்து, வீட்டில் சமையல் முடிந்தபின் பதில் எழுதி, மறுநாள் மாலை அதே சென்டரிலிருந்து பதிவார். பதிவு பழசான பிறகுதான் அவருடைய பின்னூட்டம் வந்து சேரும். ‘மறுநாள் அக்கா’ என்று நாங்கள் கேலி செய்வோம்.

நாங்கள் என்றால் பெரிய கூட்டமில்லை. வேலைத்தளத்துக் கதைகள் எழுதிய ஒரு கான்ட்ராக்டர், மீன்களைப் பற்றியே எழுதிய ஒரு மீனவ வீட்டு இளைஞர், போர்ட் பிளேரின் டாலிகஞ்சிலிருந்து நான், இன்னும் ஓரிருவர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. எழுதுகிறவனுக்குத் தன் எழுத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நானும் அந்த ரகம்தான். அக்கா அப்படியல்ல. ஞாயிறுதோறும் தன் வலைப்பூவில், மற்றவர்கள் எழுதியதில் தனக்குப் பிடித்ததைச் சொல்லி, அங்கே போக இணைப்பும் கொடுப்பார். அவர் இழுத்துக்கொண்டு போய் விட்டதால்தான் நாங்கள் ஒருவரையொருவர் படித்தோம்.

அப்பா இறந்து காரியங்கள் முடிந்தபின் அவரைப் பற்றி எழுதினேன். கோவில்பட்டியில் இருக்கும் தங்கையைப் பார்க்க, பல வருஷம் கழித்து மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார். புதுச்சட்டை, துணி மூட்டை, பெட்டியோடு வாசலில் நின்று எடுத்த படம். பதிவின் முதல் பாதி அந்த உற்சாகம். படத்துக்குக் கீழே, கப்பலுக்கு முந்தின நாள் அவர் போய்விட்டதை எழுதியிருந்தேன். மறுநாள் அக்காவின் பின்னூட்டம் வந்தது: “சட்டை ஜோரா இருக்கு தம்பி! திரும்பி வர்றப்ப கடலை மிட்டாய் கொண்டுவரச் சொல்லுங்க. எனக்கும் ஒரு பங்கு!”

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா இறந்த நாளிலிருந்தே அவள் அப்படித்தான் இருந்தாள். அழவில்லை, யார் கேட்டாலும் “ஆமா, போயிட்டாக” என்பதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘இனி என் பக்கம் வராதீர்கள்’ என்று எழுதி, என் வலைப்பூவில் இருந்த அவருடைய இணைப்பையும் எடுத்துவிட்டேன். கான்ட்ராக்டர் எனக்காகக் கொதித்தார். மீன்காரர் இரண்டு பக்கமும் வருவதை நிறுத்தினார். சேர்த்து வைத்தவரே வெளியே போனபின் கூட்டத்தில் என்ன மிஞ்சும்?

அந்த ஞாயிறு, யாரிடமோ வழி கேட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அம்மாவிடம் போனார்.

“மாஃப் பண்ணிருங்கம்மா. நெட் ஸ்லோ. பக்கம் பாதிதான் இறங்கிச்சு, படத்தோட நின்னுடுச்சு. பூரா அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன். நேத்துதான் மீதியும் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சது.”

“மீதியப் படிச்சியா?”

“இல்லம்மா. தைரியம் வரல.”

“உக்காரு. நான் சொல்லுதேன்” என்றாள் அம்மா.

அன்று அம்மா சொன்னது நான் எழுதியதில் இல்லாதது. ராத்திரி பெட்டியைப் பூட்டிவிட்டு, மறந்துபோன சீப்பை வைக்க அப்பா மறுபடி திறந்தது. விடிந்ததும் தண்ணீர் கேட்டது. இவள் செம்போடு திரும்பும்போது அவர் சுவரில் சாய்ந்திருந்தது. நடுவில் உடைந்து அழுதாள். அக்கா ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, அந்தப் பின்னூட்டத்தை அழித்துவிடும்படி என்னிடம் கேட்டார். அம்மாதான் தடுத்தாள். “அழிக்காத. அவுக ஊருக்குக் கெளம்புன சந்தோசத்துல சேந்துக்கிட்டவ இவ ஒருத்திதான். அது இருக்கட்டும்.”

அடுத்த ஞாயிறே அக்கா பழையபடி எங்களைக் கோத்து எழுதத் தொடங்கினார். நானும் இணைப்பைத் திரும்பப் போட்டேன்.

இப்போது கடலடியில் கேபிள் வந்துவிட்டது. எந்தப் பக்கமும் கண்ணிமைக்கும் நேரத்தில் முழுசாக இறங்குகிறது. வலைப்பூக்களைத்தான் யாரும் எழுதுவதில்லை, என்னையும் சேர்த்து. சென்ற மாதம் அக்கா இறந்த செய்தி வாட்ஸாப்பில் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்றை அனுப்பிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலியால் தெருமுனைக்கே போகாதவள், புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “அன்னைக்கு அவ வந்தால்ல. கெளம்பு.”

பாம்பூஃப்ளாட் வீட்டில் அக்காவின் மகள் தனியாக இருந்தாள். நாற்காலியைக் காட்டி, “ஹார்ட் அட்டாக் ஆன்ட்டி, சடன்” என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிப் பழகிய குரல்.

அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் பாயில் சிரமப்பட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுருக்கமாச் சொல்லாத தாயி. அன்னைக்குக் காலையில ஒங்கம்மா எந்திரிச்சதுல இருந்து சொல்லு. கேக்கத்தான் வந்திருக்கேன்.”

அந்தப் பெண் அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அன்னைக்கு டீ நான்தான் போட்டேன் ஆன்ட்டி. சக்கர கம்மின்னாங்க...” என்று தொடங்கினாள்.