கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர்

பிலோ அக்கா போய்விட்டார். இன்று காலை கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன லோயர் ஆபீஸில் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை கேட்கும் பேடன்ட் விண்ணப்பங்கள் தயாரிப்பது என் வேலை. பெரும்பாலும் கம்பனிக்காரர்கள்தான் வருவார்கள். ஒரு மழை நாளில் பிலோ அக்கா ஷாப்பிங் பேக்கோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, கொஞ்சம் அந்த வாங்கில படுங்க."

சுவரோரப் பெஞ்சில் படுத்தேன்... பேக்கிலிருந்து ஒரு பட்டியை எடுத்து என் இடுப்பிலும் முழங்காலிலும் கட்டி, அதன் கைப்பிடியை ஒரு கையால் இழுத்தார். என்னில் பாதி உடம்புதான் அவருக்கு. நான் நோகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தேன்.

அவருடைய கணவர் ஜோசப் அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. படுக்கைப் புண் வராமல் அந்தப் பெரிய உடம்பைத் தனியாகத் திருப்புவதற்காக அக்கா தைத்த பட்டி அது.

விண்ணப்பம் எழுத எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஏன் இடுப்பில் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"முதல்ல நெஞ்சிலதான் கட்டினனான். இந்த மனுசன் இடது கையால அதைக் கீழ தள்ளித் தள்ளி விடுவார். கோவத்தில செய்யிறாரெண்டு ஏசினனான். ஒரு நாள் களைச்சுப்போய் அவர் தள்ளின இடத்திலயே கட்டினன்... லேசாத் திரும்பிட்டார்."

பக்கத்தில் இருந்த எங்கள் லோயர் சேர் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப அதைக் கண்டுபிடிச்சது அவர். நாங்க உரிமை கேக்கப்போற முதல் க்ளெய்ம் அதுதான். அவற்ற பேரையும் கட்டாயம் போடவேணும்."

"அவருக்குக் கதைக்க ஏலாது சேர்."

"கதைக்கத் தேவையில்ல அம்மா."

அக்கா பட்டியை எடுத்து மெதுவாக மடிக்கத் தொடங்கினார்.

பேப்பர்களோடு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா குனிந்து அவர் காதருகே சொன்னார். "இஞ்ச பாருங்க... நீங்களும் கண்டுபிடிச்ச ஆளாம். பேர் போடப் போறாங்களாம்."

ஜோசப் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாகக் கொண்டுபோய்த் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

தேத்தண்ணி போடுகிறேன் என்று அக்கா குசினிக்குள் போனார். வர நேரமாயிற்று.

ஃபைல் பண்ணும் வரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நூறு தரம் சொல்லியிருந்தேன். அதற்குள் மேல் வீட்டில் படுக்கையில் இருந்த ஒருவருக்கு ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டார்.

"அந்தாளுக்கு முதுகு முழுக்கப் புண் தங்கச்சி. நீங்க ஃபைல் பண்ணும் வரைக்கும் அது பொறுத்துக்கொண்டு நிக்குமா?"

கோபிக்க முடியவில்லை. வெளியே கொடுத்த பிறகும் ஃபைல் பண்ண உள்ளூர்ச் சட்டத்தில் ஒரு வருட அவகாசம் இருக்கிறது, ஆனால் வெளிநாடுகள் பலவற்றில் இனி உரிமை கேட்க ஏலாது என்று சேர் விளக்கினார்.

"எங்கட ஆக்களுக்குக் கிடைச்சாக் காணும் சேர், அது போதும்," என்றார் அக்கா.

அவசரம் அவசரமாக ட்ராஃப்டை முடித்து, படங்கள் கீறி, அந்தக் கிழமையே ஃபைல் பண்ணினோம்.

சான்றிதழ் வந்தபோது ஜோசப் அண்ணன் உயிரோடு இல்லை.

அக்கா தனியாகத்தான் வந்தார். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பேர்கள். தன் பேரை அவர் பார்க்கவேயில்லை... ஜோசப் அண்ணனின் பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எவ்வளவு காலத்துக்கு?"

"இருபது வருஷம் அக்கா. பிறகு யாரும் செய்யலாம்."

"அப்ப இவற்ற பேரை எடுத்துப்போடுவாங்களா?"

"உரிமைதான் முடியும். பேரை ஒருத்தரும் எடுக்க ஏலாது."

தலையாட்டினார். சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய் பஸ் ஏறினார்.

நாளைப் பின்னேரம் அடக்கம். ஜோசப் அண்ணனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கிறதாம்.

போய் அவரோடு இருங்கள் அக்கா.