கோமதியின் முகத்தோடு வந்த விளம்பரம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். எங்கள் தெருவில் நெய்யும் பட்டுப் புடவைகளைப் படம் எடுத்து, சமூக வலைத்தளத்தில் போட்டு விற்றுத் தருகிறேன். நெய்த வீட்டுப் பெண்களே புடவையைத் தோளில் போட்டு நிற்பது வழக்கம். பக்கத்து வீட்டுக் கோமதியும் அப்படித்தான் நின்றாள்.

போன மாதம் அவள் அண்ணன் முருகன் என் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார். "என் தங்கச்சி போட்டோவ எவனுக்குடா வித்த?"

அவர் போனில் ஒரு விளம்பரம். கோமதியின் முகத்துக்குக் கீழே, 'தனியா இருக்கேன், பேச வாங்க' என்று இருந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில் கிடைத்த மரக்கட்டையால் வாயிலேயே அடித்தார். முன்பல் உடைந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவனை வயிற்றில் உதைத்தார். பிறகு கட்டை என் தலைக்கு மேல் உயர்ந்தது.

கோமதி ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டாள். "நாம என்னா பாக்கிறோமோ அதுக்கு ஏத்தாப்லதான் விளம்பரம் வரும்பாங்க. உன் போனத் தேடிக்கினு இது ஏன் வந்துச்சு, சொல்லுண்ணா!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முருகன் அண்ணன் கட்டையைக் கீழே போட்டார். என் தலை தப்பியது.

மறுநாளே அந்த விளம்பரத்தைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். இப்போது புடவையைத் தறிமேல் விரித்துத்தான் படம் எடுக்கிறேன். யாராவது தோளில் போட்டுக் காட்டச் சொன்னால், "நேரில் வந்து நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிடுகிறேன்.