ஆட்டுப்பட்டியும் ஒளி அளக்கும் மெஷினும்

1. பெட்டி மாடியேறிய நாள்

மெஷினை லொறியிலிருந்து இறக்க ஆறு பேர் வந்தார்கள். எங்கள் இரத்தப் பரிசோதனை லெப்பின் படிக்கட்டில் நான்கு பேர்தான் ஒன்றாக ஏறலாம். மீதி இரண்டு பேரும் கீழே நின்று, தூக்குவது எப்படி என்று மேலே போனவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்டியில் எந்தப் பெரிய சாமானும் இப்படித்தான் மாடியேறும்.

லெப்பின் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அக்குறணைக்காரர். முன்பு இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஆணி வாங்க வருபவர்களைவிட இரத்தம் கொடுக்க வருபவர்கள் அதிகம் என்று கண்டுகொண்டு தொழிலை மாற்றினார். மாற்றியது சரிதான். நான் அங்கே தலைமை எம்.எல்.டி., அதாவது இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவள். நாவலப்பிட்டியிலிருந்து தினமும் கோச்சியில், அதாவது ரயிலில், வந்து போவேன்.

மெஷினைப் பொருத்திய கம்பெனி எஞ்சினியரிடம் ஹாஜியார் கேட்ட முதல் கேள்வி, "அந்த வெளிச்சம் எங்க? மூடிய தொறந்து காட்டுங்க பாப்பம்."

"தொறக்க ஏலாது ஹாஜி. உள்ளுக்கு கும்மிருட்டா இருக்கணும். தொறந்தா எல்லா டெஸ்டும் கெட்டுரும்."

"நான் வாங்கின வெளிச்சத்த நானே பாக்க ஏலாதா?"

கடைசிவரை அவர் பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்கும் அளவுக்கு அங்கே வெளிச்சமும் கிடையாது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் நாம் தேடும் பொருளை அன்டிபொடி என்கிற எதிர்ப்புப் புரதம் ஒன்று ஒரு பக்கம் பிடிக்கும், இன்னொரு அன்டிபொடி மறுபக்கம் பிடிக்கும். முதலாவது காந்த மணியில் ஒட்டியிருக்கும். இரண்டாவதோடு ஒரு நொதி சேர்ந்திருக்கும். கழுவிவிட்டுச் சப்ஸ்ட்ரேட் என்கிற இரசாயனத்தை ஊற்றினால், நொதி அதை உடைக்கும்போது ஒளி வரும். தேடிய பொருள் இல்லாவிட்டால் இரண்டாவது அன்டிபொடிக்குப் பிடிமானம் இல்லை, கழுவுகிற தண்ணீரோடு போய்விடும், ஒளியும் வராது. பொருள் கூடக்கூட ஒளி கூடும். ஒளியை எண்ணி, மெஷின் ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். அவ்வளவுதான். தைரொயிட், கர்ப்பம், மாரடைப்பு எல்லாம் அந்த இருட்டுக்குள் ஒளியாகத்தான் தெரியும்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் ஹாஜியார் அதன் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "லெச்சுமி, நல்லாப் பாத்துக்கங்க. மனிசன் பொய் செல்லுவான். இது செல்லாது. இதுக்குத்தான் வாயே இல்லியே." அதையே கவுண்டரில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

2. கலஹா பஸ்

எங்கள் கவுண்டரில் ஒரு வழக்கம் இருந்தது. காசு கட்டியதும் ஒரு துண்டு கொடுப்போம். பிறகு அந்தத் துண்டை யார் கொண்டுவந்தாலும் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுவோம். அண்ணன் வருவார், பக்கத்து லயத்து வீட்டுக்காரர் வருவார், சில நேரம் பஸ் கண்டக்டர் வருவார். தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு தரம் கண்டிக்கு வருவது யாருக்கும் சுலபமில்லை. அதனால் இந்த வழக்கத்தை யாரும் குறை சொன்னதில்லை.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கும். தோட்டத்து ஆட்கள் அதைக் கையில் வாங்கியதும் பஸ் ஏறுவார்கள். பஸ்ஸில் படித்த முகமாக ஒன்றைத் தேடி, "இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். அவரும் சத்தமாக வாசிப்பார். கலஹா பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு இது தெரியும். பேராதனை தாண்டுவதற்குள் யாருக்குச் சீனி வியாதி, யாருக்குக் கொலஸ்ட்ரோல் என்று பஸ் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலை ராஜேஸ்வரி என்ற பெண் தன் மாமியாரோடு வந்தாள். கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அடிவயிற்று வலி, மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தது. கலஹாவில் ஒரு டொக்டர் இரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் எச்.சி.ஜி. ஒன்று, அதாவது கர்ப்பப் பரிசோதனை. வலியும் தள்ளிப்போனதும் சேர்ந்தால் எந்த டொக்டரும் அதை எழுதுவார். புருசன் எங்கே இருக்கிறான் என்று கேட்க அவருக்கு நேரமிருக்காது.

மாமியார்தான் காசு கட்டினார். துண்டைச் சுருக்குப் பையில் போட்டு, பையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலுக்கு நேரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த அம்மா அசையவே இல்லை.

நான் ஊசி குத்தும்போது ராஜேஸ்வரி என்னை அவசரப்படுத்தினாள். "மிஸ், வெரசா குடுத்துருவீங்களா? ஆட்டுக்குத் தழ ஒடிக்கணும். குட்டி போட்டது ரெண்டு கெடக்கு. நா போகலன்னா கத்திக்கிட்டே கெடக்கும்."

"மெஷின் ஒங்க ஆட்டுக்காக ஓடாது. போய் உக்காருங்க" என்றேன். காலையில் வரும் எல்லோருக்கும் ஓர் ஆடோ மாடோ பஸ்ஸோ காத்துக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் நான் இதையே சொல்வேன்.

3. வந்த வெளிச்சம்

எச்.சி.ஜி. பாசிட்டிவ். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே பாசிட்டிவ். மெஷினைச் சரிபார்க்கப் போடும் கன்ட்ரோலும் சரியாக இருந்தது. திரும்பவும் போட்டேன். அதே இலக்கம்தான் வந்தது.

இன்னொரு டியூப் தேவை என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டேன்.

"வீட்டுக்காரரு என்னா வேல?"

"கட்டார்ல மிஸ்."

"கடைசியா எப்ப வந்தாரு?"

"போயி ரெண்டு தீவாளி ஆச்சு. இன்னும் வரல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், எங்க தோட்டத்து ரோதமுனி சாமி சத்தியமா, நா எந்தத் தப்புக்கும் போகல. அத மாமிகிட்ட குடுத்துறாதீங்க. என்னய வீட்ட விட்டே வெரட்டிருவாக. புள்ளைக ரெண்டு இருக்கு மிஸ்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகிறவர்கள் எல்லோரும் உண்மை சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். முப்பது வருசம் லெப்பில் இருந்தவளிடம் சத்தியத்துக்கு அளவுகோல் கிடையாது. "இங்கயே இருங்க, அழாதீங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் லெப் டொக்டருக்கு போன் எடுத்தேன்.

டொக்டர் சிவகௌரி எங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்திடும் பெதோலொஜிஸ்ட். யாழ்ப்பாணத்துக்காரர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "சலத்தில பாத்தனீரோ?"

"இல்ல டொக்டர், சிறுநீர் இன்னும் எடுக்கல."

"அப்ப முதல்ல அதைப் பாரும். சீரத்தை டைலூட் பண்ணியும் போடும். அந்தப் பிள்ளை ஆடு, முயல் ஏதும் வளக்குதோ எண்டு கேளும்."

"கேக்கவே தேவையில்ல. காலையில இருந்து ஆட்டப் பத்தித்தான் பேச்சு."

"ஓம், அப்ப ரிப்போர்ட்டை வெளிய விடாதையும்."

மெஷினுக்கு வாங்கும் எங்கள் பரிசோதனைக் கிட்டில் இருந்த இரண்டு அன்டிபொடியும் ஆட்டின் இரத்தத்தில் எடுத்தவை. ஆட்டோடே வாழ்கிற சிலருடைய உடம்பு, ஆட்டுப் புரதத்துக்கு எதிராகத் தானும் ஓர் அன்டிபொடி செய்து வைத்திருக்கும். அது நடுவில் புகுந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டால், தேடிய பொருள் இல்லாமலே மெஷின் ஒளியைக் காணும். அது சிறுநீருக்குள் இறங்காது. அதனால் உண்மைக் கர்ப்பமென்றால் சிறுநீரிலும் காட்டும், இது காட்டாது.

சிறுநீரில் ஸ்ட்ரிப் போட்டேன். ஒரே கோடு. கர்ப்பம் இல்லை. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பாதிக்குப் பாதி கரைசல் கலந்து போட்டேன். உண்மையென்றால் இலக்கமும் பாதியாக வேண்டும். அது ஒரேயடியாக விழுந்துவிட்டது. ராஜேஸ்வரியிடம் சொன்னேன். அவள் மூலையில் குந்திக்கொண்டு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதாள். இந்தத் தடவை நான் அழாதே என்று சொல்லவில்லை.

4. ஹாஜியாரின் பரிசோதனை

அதற்குள் ஹாஜியார் உள்ளே வந்துவிட்டார். "லெச்சுமி, அந்த உம்மா எத்தன தரம் கேக்குறாங்க. ஏன் ரிப்போர்ட்ட புடிச்சு வச்சிக்கிறீங்க?"

"ரிசல்ட் பிழை ஹாஜி. மெஷின் ஆட்டப் பாத்துட்டு புள்ளன்னு சொல்லுது."

"ஆடா?" மெஷினை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "அது என்ன பேச்சு? ஆடு வளக்கிற எல்லாரும் புள்ளத்தாச்சியா? எங்க ஊட்லயும் ஒரு பட்டி ஆடு ஈக்குது. சின்ன வயசுல இருந்து நான் ஆட்டோடதான். என்ட ரத்தத்தப் போடுங்க. மெஷின் என்ன செல்லுதுண்டு பாப்பம்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எடுத்தேன். போட்டேன். ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் இப்படி வராது. பிறகு எத்தனையோ ஆட்டுக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், வந்தது மிகச் சிலருக்குத்தான். அன்றைக்கு ஹாஜியாருக்கு வந்தது.

"என்ன செல்லுது?"

"நீங்களும் முழுகாம இருக்கீங்க ஹாஜி."

"அஸ்தஃபிருல்லாஹ்" என்று கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டு இலக்கத்தைத் திரும்பவும் பார்த்தார். பிறகு ஒரு சிறுநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு டொய்லட்டுக்குப் போனார். அவருடைய ஸ்ட்ரிப்பிலும் ஒரே கோடுதான். அதை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்து நிம்மதிப்பட்டார். ஆணுக்கு எச்.சி.ஜி. உண்மையாகவே ஏறினால் அது புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், அவருடைய சீரத்தையும் ராஜேஸ்வரியின் சீரத்தோடு வேறு கிட் பாவிக்கும் இன்னொரு லெப்புக்கு அனுப்ப எடுத்துவைத்தேன்.

"யாரிட்டயும் செல்லாதீங்க" என்றார். நான் இவ்வளவு காலம் சொல்லவில்லை.

பிறகு அவர் நேரே வெளியே போனார். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மாமியார் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஹாஜியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "உம்மா, ரிப்போர்ட் இண்டைக்கு இல்ல. எங்கட மெஷின் பொய் செல்லுது. வேற எடத்துக்கு அனுப்பிப் பாத்துத்தான் தருவம்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பின்னாலிருந்த ஒருவர் எழுந்து, தன் சீனி ரிப்போர்ட்டும் பொய்யா என்று கேட்டார். "சீனி வேற மெஷின். அது நல்ல மெஷின்" என்று ஹாஜியார் அவரை உட்கார வைத்தார்.

மாமியார் மட்டும் உட்காரவில்லை. "மொதலாளி, ஒளிக்காமச் சொல்லுங்க. புத்துநோயா? எந்தங்கச்சி இப்புடித்தான் வயித்த வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லியே செத்துப் போனா. அதான் காலையிலருந்து உக்காந்திருக்கேன்."

அந்த அம்மாவைக் காலையிலிருந்து நான் ஒரு பொலிஸ்காரரைப் போல நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கையை நினைத்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

ராஜேஸ்வரி என் பின்னாலிருந்து வந்தாள். நான் தடுக்கும் முன்னே சொல்லிவிட்டாள். "அதெல்லாம் இல்ல மாமி. மெஷினு எனக்கு வயித்துல புள்ளன்னு காட்டிருச்சாம். ஆட்டால வந்த பிழையாம். டொக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

மாமியார் மருமகளைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதை மடித்துப் பையில் போட்டு, "வா, பஸ்ஸு போயிரும். குட்டி கத்தும்" என்று மட்டும் சொன்னார். அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

5. ரிப்போர்ட் கொடுத்த நாள்

மற்ற லெப்பிலிருந்து பதில் வந்தது. ராஜேஸ்வரிக்கு எச்.சி.ஜி. இல்லை. ஹாஜியாருக்கும் இல்லை. இரண்டாவதற்கு அவர் இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார், எதற்கென்று சொல்லவில்லை. ராஜேஸ்வரியின் வலிக்குச் சூலகத்தில் ஒரு கட்டி காரணம் என்று பிறகு ஸ்கேனில் தெரிந்தது. சாதாரண நீர்க்கட்டிதான், மருந்தோடு கரைந்தது.

புதிதாக வந்த பிள்ளைகளே, நீங்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. மெஷின் எண்ணுவது ஒளியைத்தான். ஒளி எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது. இலக்கமும் ஆளும் பொருந்தாவிட்டால் டைலூட் பண்ணுங்கள், சிறுநீரைப் பாருங்கள், வேறு கிட்டில் போடுங்கள். வீட்டில் ஆடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஹாஜியார் கவுண்டரில் வரும் பெண்களிடமெல்லாம் அதைக் கேட்கத் தொடங்கி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு தேடுகிறார் என்று பெயர் வாங்கினார்.

முதல்முறை வந்ததற்கு அடுத்த வாரம் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் சுருக்குப் பையை அவிழ்த்துத் துண்டைக் கவுண்டரில் வைத்தார். வழக்கப்படி ஹாஜியார் துண்டை எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினார். எனக்கு ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமியார் கையை நீட்டவில்லை.

"எங்கிட்ட ஏன் நீட்டுறீங்க மொதலாளி? ரத்தம் அவளோடது. அவகிட்ட குடுங்க."

ராஜேஸ்வரி வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில் துண்டைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்துக் கொடுக்கிறோம்.