விலாசத்தை மாற்றி எழுத மாட்டேன்

ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே, எங்கள் ஊர் ஆடுகள் மேய்ந்த தரிசில் ஆலை வருகிறது என்றபோது யாரும் மறுக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதல் வேலை என்று மேடை போட்டுச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். என் அம்மா வாழைத்தோட்ட வேலையை விட்டுவிட்டு ஆலைக் கட்டடத்துக்குச் சித்தாளாகப் போனாள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். மாவட்டத்தில் சாதிச் சண்டை ஓய்ந்தும் ஓயாத காலம் அது. எங்கள் ஊர் முனையில் எப்போதும் போலீஸ் வண்டி நிற்கும். நாங்கள் அடிபட்டதுதான் அதிகம். ஆனாலும் கெட்ட பெயர் எங்களுக்கு. முதல் தடவை போனவர்களில் எங்கள் ஊர்க்காரன் ஒருவனுக்கும் வேலை கிடைக்கவில்லை. விலாசத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று தெரிந்துபோனது.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது, பையன்கள் சொந்தக்காரர் வீட்டு விலாசம் தேடி அலைந்தார்கள். சின்ன வயதிலிருந்து என்னோடு திரிந்த சேக்காளி அவன் மாமா ஊரை எழுதினான். அம்மாவும் என்னிடம் அதையேதான் சொன்னாள்.

"அத்தை வீட்டு விலாசத்த எழுதுலே. ஊர்ப் பேரா சோறு போடுது?"

நான் எங்கள் ஊரையே எழுதினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவள்.

ஆலை அதிகாரி வெளியூர்க்காரர், மரியாதையான மனிதர். என் மதிப்பெண்களைப் பார்த்துத் தலையசைத்தவர், விலாசத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"உங்க ஊர்னா யோசிக்க வேண்டியிருக்கு தம்பி. ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா எல்லாரும் சேர்ந்து வந்துடுவீங்க."

நீங்கள் உட்கார்ந்திருப்பதும் எங்கள் ஊர் மண்தான் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

"இந்தக் காரணத்த ஒரு தாள்ல எழுதித் தாங்க சார், போயிருதேன்."

அப்படியெல்லாம் எழுதித் தரும் வழக்கம் கிடையாது என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. காவலாளிகள் இருவர் வந்து என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். 

வாசலில் எங்கள் ஊர்ப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே நடந்ததைச் சத்தமாகவே சொன்னேன். ஒருவன் பேனாவை எடுத்து, தன் மனுவில் இருந்த பொய் விலாசத்தை அடித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினான். ஒருவர் பின் ஒருவராகப் பேனா கைமாறியது. என் சேக்காளி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். வேலையும் கிடைத்தது அவனுக்கு. அவன் வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கச்சிமார் இருந்தார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம், அவனைப் பொய் சொல்ல வைத்தவர்கள்மேல்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. அவளோடு போகிற பெண்களும் போகவில்லை. காம்பவுண்டுச் சுவர் பாதியில் நின்றது. மேஸ்திரி ஊருக்குள் வந்து கேட்டபோது அம்மா வாசலுக்கு வந்தாள்.

"சொமக்க மட்டும் எங்க ஊரு ஆகுமா? வெளியூர்ல இருந்து ஆளக் கூட்டியாந்து கட்டிக்கிடும்வே."

வேறு ஆள் கொண்டுவர முயன்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வரப் பயந்து யாரும் வராததால் சுவரை முடிக்க முடியவில்லை. கடைசியில் தாலுகா அலுவலகத்தில் வைத்து எங்கள் ஊர்க்காரர்களோடு பேசினார்கள். எங்கள் ஊரில் சிலரை எடுத்தார்கள், அதுவும் ஒப்பந்தக் கூலிகளாக. வாசலில் நின்று பேசியவன் என்பதால் என்னைக் கூப்பிடவே இல்லை.

மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, டவுனில் ஒரு பம்புசெட் பட்டறையில் சேர்ந்தேன். ஆலைச் சம்பளம் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு ஆற்றாமை வரும். கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம் என்பாள். ஆனால் பேச்சு முடிந்து மற்ற பெண்கள் கட்டட வேலைக்குத் திரும்பிய பிறகும், அவள் அந்த ஆலைக்குள் கால் வைக்கவில்லை. பழையபடி வாழைத்தார் சுமக்கப் போனாள்.