கையை மடியில் வையுங்கள்

1. மிருதங்கம் நின்றது

"யம்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று சேகர் அண்ணன் மிருதங்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினார். "நான் இன்னும் கெளம்பவே இல்ல, நீங்க பாட்டுக்குப் போறீங்களே!"

அம்பகரத்தூரில் கௌரி வீட்டில் ஒத்திகை. மறுநாள் சாயங்காலம் அவர் தம்பிக்கு ரிசப்ஷன். 'மணமகனின் அக்காள் கௌரியின் பாட்டு' என்று பத்திரிகையிலேயே அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. பாடப்போவது என்னவோ ஒரே ஒரு கீர்த்தனை. அதில் ஒவ்வொரு வரியையும் நான் போடும் தாளத்துக்கு அரை எண்ணிக்கை முன்னாலேயே எடுத்தார் கௌரி. நாலு தடவை பார்த்தோம், நாலு தடவையும் அப்படியே.

கௌரிக்கு நாற்பத்தைந்து வயது. பாரிஸ் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறார், கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தார். என் முதல் ஆன்லைன் மாணவி.

"ஒனக்கெல்லாம் பாட்டு வராதுன்னு சின்ன வயசுல சொன்ன அத்தன பேரும் நாளைக்கு மொத வரிசையில உக்காந்துருப்பாங்க டீச்சர்" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

2. ஸ்கூல், ஸ்கூட்டர், செல்போன்

இசை படித்தால் என்ன வேலைக்குப் போவது என்று கேட்கிறவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். முதலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பரீட்சை வந்தால் என் பீரியட் கணக்கு சாருக்குப் போய்விடும். பிறகு வீட்டு வகுப்பு, நெடுங்காட்டுக்கும் போலகத்துக்கும் ஸ்கூட்டரில் ஓட்டம். முட்டி தேய்ந்ததும் செல்போனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கி ஆன்லைனில் உட்கார்ந்தேன்.

மூன்று வேலைக்கும் என்னிடம் ஒரே சட்டம்தான். மாணவர் தாளம் போடக் கூடாது. நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகத் தொடையில் தட்டுவதைக் கேட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். "கைய மடியில வை, என் கையப் பாரு!" என்று கத்திக் கத்தியே தொண்டை பழுத்தவள் நான்.

3. எட்டு மாத வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் கௌரிக்குக் காலை, எனக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நான் தாளம் போடுவேன், அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார். ஒவ்வொரு வரியும் எனக்குப் பின்தங்கியே கேட்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"பின்னாடி வருது கௌரி, முன்னாடி எடுங்க!"

"நான் சரியாத்தான் பாடுறேன் டீச்சர். நெட்டு லேட்டோ என்னவோ. பஸ்ஸ ஒரு நிமிஷம் லேட்டா எடுத்தாலே ஆபீஸ்லேந்து எனக்கு ஓலை வந்துரும். நேரந் தப்புற ஆளு இல்ல நான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றேன். அதற்குப் பிறகு அவர் நெட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டார். மெல்ல மெல்லத் தாளம் சரியாக வந்தது. என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

4. கோணல் எங்கே

ஒத்திகையன்று இதைச் சொன்னதும் சேகர் அண்ணன் தலையில் கை வைத்தார்.

"அடப் பாவமே! நீங்க தட்டுறது அங்க போய்ச் சேர கொஞ்ச நேரம். அவங்க பாட்டு இங்க வர இன்னுங் கொஞ்ச நேரம். அவங்க சரியாப் பாடுனா உங்களுக்கு லேட்டாத்தான் கேக்கும். நீங்க திட்டுன திட்டுல முன்னாடி பாடப் பழகிட்டாங்க!"

கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "அப்பக் கூடம் நெசமாவே கோணல்தான் டீச்சர்!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சுருங்க கௌரி, தப்பு முழுக்க என்னுது" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். தாளத்த அவங்க கையிலயே குடுங்க, நான் அவங்களோட வர்றேன்" என்றார் அண்ணன்.

கௌரி தன் கையால் தாளம் போட்டுப் பாடினார். கச்சிதமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் கையும் தானாக எழுந்து தட்டியது. அதைப் பார்த்ததும் அவர் மறுபடி முன்னே ஓடிவிட்டார்.

"கோச்சுக்காதீங்க டீச்சர், உங்க கைய மடியில வையுங்க!"

5. கடைசி வரிசை

மேடையில் கௌரி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவதற்கென்றே புதுப் பட்டுப்புடவை எடுத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில், ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி தாளத்தில் சரியாக விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடைசி அடியில் அவர் குரலும் மிருதங்கமும் ஒன்றாக நின்றன. முன் வரிசை அத்தைமார்கள் விடாமல் கைதட்டினார்கள். கௌரி இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"என்ன டீச்சர், வண்டியக் கரெக்டா ஸ்டாப்புல நிறுத்துனேனா?"

அப்படியே அவரைக் கட்டிக்கொண்டேன்.

வேலை மாறும்போது பழைய வேலையின் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான் நான் கற்றது. இப்போது வெளிநாட்டில் எனக்குப் பதினோரு மாணவர்கள். முதல் வகுப்பிலேயே "தாளம் நீங்க போடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். என் கை மடியில்தான் இருக்கிறது. சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அது வேறு விஷயம்.